பின்பக்கத்தில் தடவிய பசை

கவிதையைக் கவிஞர்கள்தான் எழுதுகிறார்கள் என்ற மூடநம்பிக்கை கேரளத்திலிருந்து இன்னும் முற்றாக ஒழியவில்லை. கவிஞர் தருவது வெறும் துணி. அளவெடுத்து, வெட்டி, உலகம் போட்டுக்கொள்ளும்படி தைத்துக் கொடுப்பவர் தொகுப்பாசிரியர். திருச்சூரில் அப்படிப்பட்ட தையல்காரர்களில் முதல்வன் நான். கல்லூரியில் மலையாளம் கற்பித்தவன் என்பதால் ஊருக்கு நான் பவித்ரன் மாஷ்.

‘சிறந்தவற்றுள் சிறந்தவை’ என்ற என் முதல் தொகுப்புக்காக, கொச்சுராணி டீச்சரின் ‘பொறுத்தேன்’ என்ற கவிதையை ஒரு வார இதழிலிருந்து வெட்டியெடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, அச்சகத்துக்கு அனுப்பினேன். கவிதையின் மறுபாதி அதே துண்டின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. அதன் மேல்தான் பசையைத் தடவினேன். மூலை முடுக்கு விடாமல் தடவினேன். என் வேலையில் அரைகுறை கிடையாது.

அச்சில் வந்தது இது:

அடுப்பு புகைந்தது, பொறுத்தேன்.
உன் அம்மா கரித்துக்கொட்டினாள், பொறுத்தேன்.
நீ கை ஓங்கினாய், பொறுத்தேன்.
ஆனால்

அந்த ‘ஆனால்’ இலக்கிய உலகைக் கலக்கிவிட்டது. பின்னால் ஒரு முற்றுப்புள்ளிகூட வைக்காத துணிச்சல்! இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. முதல் நாள் ‘ஆனால்’ பற்றி. மறுநாள் அதற்குப் பின்னால் உள்ள வெற்றிடம் பற்றி. வெற்றிடத்தை ஆராய்ந்த ஒருவருக்கு டாக்டர் பட்டமும் கிடைத்தது. வழிகாட்டி நான்தான். வெற்றிடத்தில் எனக்கு நீண்ட அனுபவம்.

பிறகு வந்த தொகுப்புகளெல்லாம் என் தொகுப்பிலிருந்தே கவிதையை எடுத்துக்கொண்டன. கவிஞரின் சொந்தப் புத்தகங்களைப் புரட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை, நடுநிலை கெட்டுவிடும். தனியார் பள்ளிகளுக்கான பாடநூல் ஒன்றைத் தயாரித்த குழு மட்டும் கொஞ்சம் கறாரானது. தொங்கிக்கொண்டிருந்த ‘ஆனால்’ அச்சுப்பிழை என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டது. டீச்சர் அன்று முதல் ‘பொறுமையின் கவிஞர்’ ஆனார். கல்யாணப் பத்திரிகைகளில் கவிதை ஏறியது. கவிதை குறையக் குறையப் புகழ் கூடியது. டீச்சர் தன் புத்தகத்தில் முழுக் கவிதையையும் வெளியிட்டபோது, ‘தன்னுடைய புகழ்பெற்ற கவிதையைக் கவிஞர் தேவையில்லாமல் நீட்டியிருக்கிறார்’ என்று மதிப்புரை வந்தது. அதை எழுதியவரின் பெயரைச் சொல்லத் தன்னடக்கம் தடுக்கிறது.

இப்போது ‘சிறந்தவற்றுள் சிறந்தவை’க்கு வெள்ளிவிழாப் பதிப்பு. பதிப்பாளர் குரியச்சன் தன் மாடி அலுவலகத்தில் சாயாவும் பழம்பொரியும் வைத்து ‘உயர்மட்ட ஆலோசனை’ நடத்தினார். அழைக்காமலே வந்து உட்கார்ந்தார் கொச்சுராணி டீச்சர்.

"மாஷே, இந்தத் தடவையாவது மிச்சத்தையும் போட்டுடுங்க."

"எந்த மிச்சம் டீச்சர்?" என்று குரியச்சன் கேட்டார். அவரும் நடுநிலையாளர்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

ஆனால்
இன்று நம் மகள்மேல் கை ஓங்கினாய்.
பெட்டி கட்டியாயிற்று.
பஸ்ஸும் வந்தாயிற்று.

குரியச்சனின் பழம்பொரி பாதி வழியில் நின்றது. "அய்யோ, பஸ்ஸெல்லாம் வந்தா அந்த மௌனம் என்ன ஆகறது?"

"நான் எங்கே மௌனமா இருந்தேன் குரியச்சா? வாய்விட்டுத்தான் கத்தினேன். மாஷ்தான் பசை தடவிட்டார்."

"பசை தடவினதாலதானே டீச்சர் ஜனங்க மனசுல ஒட்டிக்கிச்சு!" என்றார் குரியச்சன். "ஒரு நகைக்கடைக்காரர் மொத்தமா வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். நகை எடுக்க வர்ற கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பரிசாக் கொடுக்க. அவங்க கையில பெட்டி கட்டற கவிதையைக் கொடுக்க முடியுமா?"

"நகைப் பெட்டியோட சேர்த்துக் கொடுங்களேன். போகும்போது உதவும்."

அவையில் சுமுகம் நிலவ வேண்டும் என்பதற்காக நான் ஒரு சமரசத் திட்டத்தை முன்வைத்தேன். கவிதைக்குக் கீழே, பொடி எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு: ‘இக்கவிதைக்கு நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு எனக் கவிஞர் கருதுகிறார்.’

"ஆகா!" என்றார் குரியச்சன். "எவ்வளவு பெருந்தன்மை!"

எப்போதும் என்னைக் கேலி செய்து சிரிக்கும் டீச்சர் அன்று சிரிக்கவில்லை. சாயாவைத் தொடாமல் எழுந்து படியிறங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு பதிப்புக்கும் கேக்கறீங்க, நாங்க இல்லைன்னதும் சிரிச்சுட்டுப் போயிடுவீங்க. பட்டம் வந்துச்சு, பொன்னாடை வந்துச்சு. மனசைத் தொட்டுச் சொல்லுங்க, அந்த வரிங்க இல்லாததால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

டீச்சர் படியிலேயே நின்றார்.

"போன வாரம் ஜிஷா வந்தா. எங்கிட்டப் படிச்ச பொண்ணு. உதட்டுல தையல் போட்டிருக்கு. ‘உங்க கவிதையைச் சொல்லிச் சொல்லித்தான் டீச்சர் நாளை ஓட்டறேன்’னா. பக்கத்துல உக்காரவெச்சு மிச்சத்தைச் சொன்னேன். பெட்டி, பஸ், எல்லாம். அவ நம்பலை மாஷே. என்னோட புத்தகத்தையும் எடுத்துக் காட்டினேன். ‘இது நீங்க அப்புறமாச் சேத்தது டீச்சர். பாடப்புத்தகத்துல அப்படி இல்லையே’ன்னு எந்திரிச்சுப் போயிட்டா."

"எங்கே போனா?"

"நீங்க வெட்டி நிறுத்தின வரிக்குத்தான், மாஷே. அவ புருஷன் கை ஓங்கற வரிக்கு."