ஆதரவற்ற மயிலும் வாய்கட்டிய கீரியும்

ஒரு காட்டில் கரண்ட் வந்தது. அதுதான் முதல் தப்பு.

காட்டில் மரம், ஓடை எல்லாம் இருந்தன. காடு என்றால் இருக்கத்தானே செய்யும், அதை வர்ணிக்க நேரமில்லை. சிங்கராஜா பாறைமேல் சோலார் தகடு போட்டு, குகைக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று என்று எல்லாருக்கும் கம்ப்யூட்டர் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அடியில் உட்கார்ந்து வேலை வாங்கும் புரோகிராமுக்குப் பெயர் கர்னல். பெயரைக் கேட்டதும் பட்டாளத்து ஆள் என்று நினைத்து யானை சல்யூட் அடித்தது. அதெல்லாம் இல்லை. சித்தாள்களை மேய்க்கிற மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தாள்தான் பிராசஸர். தான் எவ்வளவு கரண்ட் தின்றோம் என்று எண்ணுவதற்குப் பிராசஸருக்குள்ளேயே ஒரு கவுண்டர் இருக்கும். சாயங்காலம் மேஸ்திரி ஒரு சுற்று விசாரிப்பார். பதில் எல்லாம் சிங்கத்தின் குகை வாசல் போர்டில் ஓடும்.

இந்தக் கர்னலைப் பார்த்துக்கொண்டது செம்பன் என்கிற கீரி. வேலையில் சுத்தம். மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவான். அதனால் அவனுக்கு நண்பர்கள் கிடையாது.

ஒருநாள் போர்டில் அறிவிப்பு வந்தது. 'பூஜ்யம் காட்டும் மெஷின்கள் சும்மா கிடக்கின்றன. நாளைக் காலை அவற்றின் வயர் பிடுங்கப்படும்.'

காட்டிலேயே பூஜ்யம் காட்டியது ஒரே மெஷின்தான். கோமளம் என்கிற மயிலுடையது. அந்த மெஷின்தான் பல்பைப் போட்டும் அணைத்தும் அவள் முட்டைகளைச் சூடாக வைத்திருந்தது. அடைகாத்து உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு போயிருந்தது.

கோமளம் பாதி பறந்தும் பாதி ஓடியும் கீரியிடம் வந்து சேர்ந்தாள்.

"டேய் செம்பா! பகல் பூரா பல்பு எரியுது, பூஜ்யம்னு போட்டிருக்கே? வயரைப் பிடுங்கினா முட்டை ஆறிடும். ஆறின முட்டை யாருக்குடா லாபம்?"

"எனக்குத்தான்க்கா. ஆனா இதை நான் பண்ணல."

"நீ உண்மையைச் சொல்றதுதான்டா எனக்குப் பயமா இருக்கு. வந்து பாரு. வாயைக் கட்டிக்கிட்டு வா."

செம்பன் ஒரு கொடியால் வாயைக் கட்டிக்கொண்டு போனான். பல்லிடுக்கில் பேச மட்டும் இடம் விட்டிருந்தான். மெஷினைத் திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. மேஸ்திரி தினமும் கேட்கிறார்: "எவ்வளவுடா தின்ன?" பிராசஸர் தினமும் சொல்கிறது: "ஒண்ணுமில்லண்ணே."

பிராசஸர் சொல்ல வந்தது, 'எண்ணிச் சொல்ல என்கிட்ட கவுண்டர்னு ஒண்ணுமில்லண்ணே.' அது மலிவு ரகம், கவுண்டர் வைக்காமலே செய்தது. மேஸ்திரிக்கு விளங்கியது, 'ஒண்ணும் தின்னல.' உடனே பூஜ்யம் போட்டுவிட்டார். தராசு இல்லாத வீட்டில் இருப்பவனுக்கு எடையே இல்லை என்று சொன்ன மாதிரி.

"ஒரு வரிதான்க்கா," என்றான் செம்பன். 'முதலில் கவுண்டர் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் இல்லை என்று சொல், பூஜ்யம் போடாதே' என்று கர்னலில் எழுதினான். அன்று சாயங்காலச் சுற்றில் கர்னல் ஒழுங்காக 'அன்சப்போர்ட்டட்', அதாவது அந்த வசதி இல்லை, என்று இங்கிலீஷில் அனுப்பியது.

நியாயமாகக் கதை இங்கே முடிந்து, 'உண்மை பேசுங்கள் குழந்தைகளே' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் போர்டுக்குத் தமிழ்ப்படுத்துவது ஓணான்.

ஓணான் சிங்கராஜாவின் செயலாளர். யார் எது சொன்னாலும் தலையாட்டும். அந்தத் தகுதிக்குத்தான் வேலையே கிடைத்தது. அது அகராதியைப் புரட்டி, போர்டில் போட்டது:

'கோமளம் – ஆதரவற்றது.'

"நான் ஆதரவற்றவளா?" என்று கோமளம் கத்தினாள். "என் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்! தோகையை விரிச்சிக்கிட்டு ஊர் சுத்திக்கிட்டு இருக்கான்!"

"அதைத்தாம்மா ஆதரவில்லைன்னு சொல்றது," என்றது ஓணான், தலையாட்டிக்கொண்டே.

மறுநாள் மதியத்துக்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. ஆதரவற்றோரின் முட்டைகளை வனநலக் காப்பகம் எடுத்துக்கொள்ளும். காப்பகத்தின் வார்டன் சாரைப்பாம்பு.

"குழந்தைங்கன்னா எனக்கு உசுரு," என்றபடி பாம்பு கிளம்பியது.

செம்பன் வாய்க்கட்டோடே ஓணானிடம் ஓடினான். "சார், அது அந்த ஆதரவு இல்ல. அளக்கிற வசதி இல்லைன்னு அர்த்தம். மாத்துங்க."

"மாத்தலாமே. ஆனா அந்த இடத்துல ஒரு நம்பர் வேணும். ராஜா நம்பரைத்தான் பார்ப்பார்."

"நம்பரே கிடையாது சார். தெரியாதுன்னு போடுங்க."

"எனக்கு முன்னாடி இருந்த செயலாளர் ராஜாகிட்ட அப்படித்தான் சொன்னார். அவர் இப்ப எங்கேன்னும் தெரியாது."

பாம்பு பாதி வழி வந்துவிட்டது என்று கோமளம் மரத்தின்மேலிருந்து அலறினாள். செம்பன் யோசித்தான். அவன் வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சரி, இன்றைக்குச் சொல்லிப் பார்ப்போம். பக்கத்துப் பொந்து முள்ளம்பன்றியின் எண்ணை எடுத்தான், கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றினான், 'இப்பவே இதைச் சொல்லு, தினமும் இதையே சொல்லு' என்று மேஸ்திரி காதில் ஓதினான்.

போர்டில் எண் வந்தது. ஓணான் முதல்முறையாக மனசார தலையாட்டியது. பாம்பு பசியோடு திரும்பிப் போனது.

சிங்கராஜா கூட்டம் கூட்டிப் பேசினார். "கோமளத்தின் மெஷினைப் பாருங்கள். ஒருநாளும் ஏறவில்லை, ஒருநாளும் இறங்கவில்லை. என்ன ஒழுக்கம்!" மெஷினுக்கு மாலை போட்டார்கள். யானையின் கவுண்டர் நிஜமாகவே எண்ணியதால் ஒருநாள் ஏறியது, ஒருநாள் இறங்கியது. அதனிடம் விளக்கம் கேட்டார்கள்.

யானை நேரே செம்பனிடம் வந்தது. "தம்பி, என் கவுண்டரைப் பிடுங்கிப் போடு. அந்த மயிலுக்கு ஒரு இல்லாத கவுண்டர் வச்சியே, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வச்சிக் கொடு."

முட்டைகள் பொரிந்தன. பார்க்க வந்த செம்பனின் வாய்க்கட்டை அவிழ்க்கக் கோமளமே அலகை நீட்டினாள்.

"அவுக்காதக்கா," என்றான் செம்பன். "குஞ்சுங்களைப் பார்த்தா எனக்கு எச்சில் ஊறுது. பொய் சொல்ல வரல."

"போர்டுல தினமும் சொல்றியேடா?"

"அது வேலைக்கா. இது பசி."

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் முட்டையைப் பாம்பு வந்து வாங்கிக்கொள்ளும், ஆகவே குழந்தைகளே, கேட்டவுடன் ஒரு நம்பரைச் சொல்லிவிடுங்கள், பக்கத்து வீட்டுடையதாக இருந்தால் இன்னும் நல்லது.