உன் சித்தியின் காதுக்குச் சூரியனைப் பிடித்துக் கட்டிய வகையில்

சூரியனை நாலாக மடித்து ஒரு பைக்குள் அடக்கி எனக்குக் கொடுத்தனுப்பிய வீராங்கனையும், என் அண்ணன் பெற்ற அறிவுக் களஞ்சியமுமான அருமை மகளுக்கு,

மலையிலிருந்து உயிரோடு திரும்பிய சித்தப்பன் எழுதிக்கொண்டது. இங்கு என் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். அங்கு உன் நலமும், உன்னைக் கட்டிக்கொண்ட அந்தப் பொறுமைசாலியின் நலமும் அறிய ஆவல்.

சோலார் பேனல் வேலை செய்ததா என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். மகளே, நாடு பிடித்துத் திரும்பிய மன்னனிடம் "போன காரியம் முடிஞ்சுதா?" என்று யாராவது ஒற்றை வரியில் கேட்பார்களா? போன காரியம் உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அந்த மலையருவிப் பக்கம் விடிகாலையில் சீழ்க்கையடிக்கிற குருவி ஒன்றை உன் சித்தி கேட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. காது டாக்டரோ, "மெல்லிசான சத்தங்கதான் முதல்ல போகும்மா, மெஷின் கைகொடுக்கிறப்பவே கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். காது மெஷினுக்குத் தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும். மலையிலோ கரண்ட் கம்பம் என்றால் என்னவென்று கேட்பார்கள். ஆகவே நான், உன் சித்தி, அவளுடைய தம்பியாகிய பல் டாக்டர் என்று மூன்று பேர் அடங்கிய பெரும்படை, உன் பேனல் ஒன்றையே நம்பிப் புறப்பட்டது.

பேனலை விரித்து என் முதுகில் கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து பார்த்தால் இறக்கை முளைத்த யானை போல இருந்ததாகப் பல் டாக்டர் சொன்னார்; பொறாமை. வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை, பாறையில் உட்கார்ந்திருந்த ஓணான் ஒவ்வொரு காலாகத் தூக்கி ஊதிக்கொண்டிருந்தது. இந்த வெயிலுக்கு ஒரு ஊருக்கே விளக்கெரிக்கலாம் என்று நான் மார்தட்டிக்கொண்டே ஏற, மறுநாள் பாதி மலையில் உன் சித்தி நின்றுவிட்டாள். காதிலிருந்து மெஷினை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்து, "என்னங்க, ரெண்டும் நின்னுடுச்சு" என்றாள். மெஷினை வைக்கிற பெட்டியிலும் சொட்டுச் சார்ஜ் இல்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம், தாங்கியிருப்பேன். அவளோ செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல, அருவியையாவது பாத்துட்டு வரலாம்" என்றாள்.

பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்குமா? "அத்தான், இதைக் குடுத்த உங்க அண்ணன் பொண்ணு நிஜமா இன்ஜினியரா, இல்ல பாய் விக்கிறாளா?" என்றார். "என் பொண்ணைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினா, உன் பல்லை நீயே கட்டிக்க வேண்டிவரும்" என்றேன். நடுமலையில் எங்களுக்குள் ஒரு மகாயுத்தம். அதில் ஒரு சொல்லும் காதில் விழாத உன் சித்தி நிதானமாக என் முதுகுப் பக்கம் வந்தாள், பேனலின் மூலையை நகத்தால் சுரண்டினாள். "என்னங்க, மேல வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கே?"

மகளே, நம் பரம்பரை உனக்குத் தெரியாததா? புதுப்பொருளின் மேல்தாளைப் பிரிப்பவன் நம் வீட்டில் பெண்ணெடுக்கவே முடியாது. உன் அப்பா மெத்தை உறையைப் பிரிக்க மனமில்லாமல் வருஷக்கணக்கில் சரசரவென்று புரண்டு படுத்தவர். என் வீட்டு டிவி ரிமோட் இன்றும் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டுதான் சேனல் மாற்றுகிறது. நீ அன்போடு கொடுத்த பேனலின் பால்நிறத் தாளை நானா பிரிப்பேன்? "எடுக்காதே, புதுசு!" என்று நான் கையையும் காலையும் ஆட்டி அபிநயம் பிடிப்பதற்குள் சர்ர்ரென்று உரித்துவிட்டாள். என் ஈரக்குலையும் கூடவே உரிந்தது. ஆனால் பார், அடுத்த நொடி பேனலில் பச்சை விளக்கு எரிந்தது! கறுகறுவென்று, குளித்து வந்த எருமைக் கன்று போல என்ன பளபளப்பு! இத்தனை அழகையா போர்த்தி வைத்திருந்தேன்?

உடனே பல் டாக்டர் தன் போனைச் செருகப் பார்த்தார். "அக்கா காது முதல்ல, உன் போன் அப்புறம்" என்று பிடுங்கிப் போட்டேன். அருவிக்குப் போய்ச் சேரும்போது மேகம் கூடிவிட்டது. நான் விட்டேனா? ஆனைப்பாறை ஒன்றின் மேலேறி, பேனலைத் தலைக்கு மேல் பிடித்து, வெயில் எந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதோ அந்தப் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி நின்றேன். கை கழன்று கீழே விழுந்து, எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பிடித்தேன் என்றால் நீ நம்ப வேண்டும். பல் டாக்டரே மனம் இளகி, "குடுங்க அத்தான், நான் கொஞ்சம் பிடிக்கிறேன்" என்று மேலே ஏறி வந்தார். சாயங்காலம் பெட்டி நிறைந்துவிட்டது! சூரியனாகிய மகாதேவனை ஒரு வயரில் இழுத்துவந்து உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் உட்காரவைக்கும் இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் பாதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடலாம்.

விடிந்தும் விடியாமலும் அருவியோரம் நின்றோம். குருவி வந்தது. மகளே, என்னத்தைச் சொல்வேன்! ஏழு சுரத்தையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொன்றின் கன்னத்தையும் கிள்ளியது போல ஒரு பாட்டு. இழுத்தது, வளைத்தது, பாதியில் விட்டுவிட்டு நம்மை ஏங்கவைத்தது. உன் சித்தி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு இருக்குங்க. ஒண்ணு கேக்குது, தூரத்துல ஒண்ணு பதில் சொல்லுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். அந்தப் பனி ஈரத்தில் தூசி எங்கிருந்து வரும்?

ஆகவே, உன் பேனல் வேலை செய்தது. நீ நூறு மலை ஏறும் பலத்தோடும், போகிற இடமெல்லாம் வெயிலோடும், மேகம் உன்னைக் கேட்டுவிட்டே வரும்படியான அதிகாரத்தோடும் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பன்

பி.கு.: இதை மட்டும் சித்தி கண்ணில் படாமல் படி. மேலே நான் அளந்த குருவிப் பாட்டு முழுவதும், இறங்கி வரும் வழிநெடுகப் பல் டாக்டர் புகழ்ந்து தள்ளியதிலிருந்து எடுத்தது. எனக்கு அருவியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. குருவி வாயைத் திறந்து திறந்து மூடியது; கொட்டாவி விடுகிறது என்றே நினைத்தேன். உன் சித்தியின் முகத்தைப் பார்த்துத்தான் அது பாடுகிறது என்று தெரிந்தது. எனக்கு அதுவே போதும் என்றுதான் இறங்கினேன். ஆனால் அடுத்த வருஷமும் போகணும் என்கிறாள். எந்தக் குருவி கேட்கிறது, எந்தக் குருவி பதில் சொல்கிறது என்று என்னிடம் கேட்பாளே? ஆகையால் அந்தக் காது டாக்டரிடம் என் பேருக்கும் சத்தமில்லாமல் ஒரு நேரம் வாங்கி வை. அப்புறம், அந்தப் பேனலில் ஒரே நேரத்தில் ரெண்டு பேர் காதுக்குச் சார்ஜ் ஏறுமா?