தொடாதீக சாரின் தோள்

மனிதனுக்குக் கை என்ற ஒன்றை வைத்ததற்காகக் கடவுளிடமே சண்டைக்கு நின்ற ஒரே ஆள் எங்கள் ‘தொடாதீக சார்’தான். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. பாம்பன் தாண்டி எங்கள் ஊரில் இறங்கிய அன்றே அது காணாமல் போய்விட்டது.

எங்கள் மாதா கோயில் மணி தொங்குவது நான்கு இரும்புத் தூண்கள் மேல். கடலைப் பார்த்த தூணை உப்புக்காற்று அரித்துவிட்டது. அடித்தால் விழும் என்று மணியைக் கட்டிப்போட்டிருந்தோம். திருவிழாக் கொடியேற்றத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் அறுத்து இறக்கிவிடுவது என்று பங்குச் சாமியார் முடிவு செய்திருந்தார். கடைசி முயற்சிக்கு வந்தவர்தான் நயினார்கோவில் பக்கத்து இன்ஜினீயரான இவர்.

வைத்தியம் கேட்க எளிது. வெறும் இரும்பு தெரியும்வரை துருவைச் சுரண்டி, பசை தடவி, கண்ணாடி இழைத் துணி, சணல் துணி, மறுபடி கண்ணாடி இழை என்று சுற்றி ஒட்ட வேண்டும். பைபர் வள்ளத்துக்கு ஒட்டுவதுதானே என்று ஊரே ஆலோசனை சொன்னது. சார் காதில் வாங்கவில்லை. சணலில் ஈரம் என்று சாமியாரின் அலமாரியைக் காலி செய்து, உள்ளே குண்டு பல்பை எரியவிட்டுத் துணியை உலர்த்தினார். சாமியாரின் அங்கிகள் சமையலறைக் கொடிக்குப் போயின. அந்த ஞாயிறு பிரசங்கம் முழுக்கத் தாளித்த வாசனை.

சுரண்டிய இரும்பில் விரல் பட்டால் பசை பிடிக்காது என்பது அவர் வேதம். எங்கள் ஊரிலோ அந்தத் தூணைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்யாமல் யாரும் நாளைத் தொடங்குவதில்லை. “தொடாதீக” என்பார். தொட்டுவிட்டு, ஏன் சார் என்பார்கள். உரச வந்த ஆட்டிடமும் “தொடாதீக” என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

ஒட்டிக் காய்ந்ததும் ரூபாய்க் காசால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாக வந்தது; துணி அங்கே ஒட்டவில்லை. உரித்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு நாலு விரல் தடம். சாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சார் மறுபடி சுரண்டத் தொடங்கினார்.

மறுநாள் விடியலில், தடத்துக்குச் சொந்தக்காரி தானே வந்து நின்றார். மீன் விற்கும் சலேத் அக்கா. இடுப்பில் சாளைக் கூடை, கையெல்லாம் மீன் எண்ணெய். சார் குறுக்கே பாய்ந்தார்.

“மகன் கடலுக்குள்ள கெடக்கான் சார். தொடாமப் போனா எனக்கு நாள் பூரா ஈரக்கொல நடுங்கும்” என்றார் அக்கா.

சார் தூணைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி நின்றார்.

“அப்ப என் தோளத் தொட்டுட்டுப் போங்க. நானும் இதுக்குத்தான் காவல் நிக்கிறேன்.”

அக்கா தொட்டு முத்தி செய்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வேலை முடியும்வரை மொத்த ஊரும் அந்தத் தோளைத்தான் தொட்டது. கையைக் கண்டாலே அலறுகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தெருப் பூனைகளெல்லாம் அவர் பின்னாலேயே திரிந்தன.

இந்த முறை எங்கே தட்டினாலும் காசு கெட்டியாகச் சொன்னது. கொடியேற்றத்தன்று மணி அடிக்கும்போது, விழுந்தால் என் மேல் விழட்டும் என்பதுபோலத் தூணுக்கு அடியிலேயே நின்றார். மணி அடித்து ஓய்ந்தது. எதுவும் அசையவில்லை. சார் மட்டும் அழுதுகொண்டிருந்தார்.

இப்போது தூணைத் தொட யாரும் தடுப்பதில்லை. நானும் தினமும் தொடுகிறேன். ஆனால் என் கை முதலில் போவது கொஞ்சம் முன்னால், கொஞ்சம் உயரத்தில், மீன் வாடை அடித்த அந்தத் தோள் இருந்த இடத்துக்கு.