மாமனாரோட நாலு நிமிஷம்

போன வியாழக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். வீட்டு டிவி ரெக்கார்டரை ரிப்பேர் பண்றதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கறதான்னு முடிவு பண்ணணும்.

அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

ரெக்கார்டர்னா பெருசா ஒண்ணுமில்லீங்க. டிஷ் ஆன்டெனாவுக்குக் குடுப்பாங்களே, அந்தப் பொட்டிதான். இதுக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். ஓடற நிகழ்ச்சியைப் புடிச்சு வெச்சுக்கலாம். வாங்கிப் பதினொரு வருஷமாச்சு. வாங்கின புதுசுல நான் கிரிக்கெட்டும், என் வீட்டுக்காரி சுமதி சமையல் நிகழ்ச்சியுமா புடிச்சுத் தள்ளினோம். இப்ப எல்லாம் போன்லயே வந்துருது. பொட்டிக்குள்ள மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்.

என் மாமனாரோட நாலு நிமிஷம்.

மாமனாருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. ஆறு வருஷம் முந்தி ஒரு விவசாய நிகழ்ச்சிக்காரங்க தோப்புக்கே வந்து, மைக்கை நீட்டி, தென்னையில வெள்ளை ஈயை எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க. அது டிவியில வந்த அன்னிக்கு அவர் ஊர்ல கரண்ட் இல்லை. எங்க வீட்டுப் பொட்டிதான் புடிச்சு வெச்சுது. அன்னியிலிருந்து மாமனார் கோயமுத்தூர் வந்தா, செருப்பைக் கழட்டறதுக்குள்ள "மாப்பிள்ளை, அதைப் போடுங்க"ம்பார்.

போடுவேன். பத்திரிகை வைக்க வந்தவங்க, கேஸ் அடுப்பு சர்வீஸ் பண்ண வந்தவர், எல்லாரும் பாத்தாச்சு. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பத்து லிட்டர் தண்ணிக்கு வேப்பெண்ணெய் எவ்வளவுன்னு சொல்லுவேன்.

அந்தப் பொட்டிதான் இப்ப மக்கர்!

போட்டா ஒரு நிமிஷம் ஓடும். மாமனார் வாயைத் திறப்பார். அப்படியே நின்னுடும். திறந்த வாய் திறந்தபடி.

செவ்வாய்க்கிழமை அவரே போன் பண்ணினார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை சம்பந்தி ஊட்டுக்காரங்களோட வாரேனுங்க. துணி எடுக்கற வேலை இருக்குது. அப்படியே நம்ம நிகழ்ச்சியையும் ஒருக்கா பாத்துப்போடலாம்னு பிரியப்படறாங்க."

சம்பந்தின்னா, என் மச்சினனுக்குப் பொண்ணு குடுக்கப் போறவங்க. புதுசு. யார் பிரியப்பட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா!

"பொட்டி கொஞ்சம் தகராறு பண்ணுதுங்க மாமா"ன்னேன்.

அவர் சின்னக் குரல்ல, "உள்ள இருக்கறது போயிருமுங்களா?"ன்னார்.

தோப்புல நின்னு கூப்பிட்டா நாலு தோப்புக்குக் கேக்கற குரல் அது. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. "அதெல்லாம் போகாதுங்க மாமா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். வாய் என்னுது, சும்மா இருக்குமா?

உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்டப்புறம் ஒரு பொண்ணு பேசிச்சு.

"சார், பழைய பாக்ஸைக் குடுத்துட்டுப் புது பாக்ஸ் வாங்கிக்கலாம் சார்."

"அதுல இருக்கற ரெக்கார்டிங்?"

"அது அந்த பாக்ஸ்ல மட்டும்தான் சார் ஓடும். புதுசுல வராது."

உண்மையைச் சொல்லிடறேன். அந்த நிமிஷம் என் மனசுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம். இனி ஆயுசுக்கும் வேப்பெண்ணெய் இல்லை!

சுமதி என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா.

"ஏனுங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?"

"சிரிக்கலையே."

"அது போச்சுன்னா எங்கப்பா அழுதுபோடுவாருங்க. சொல்லிட்டேன்."

பேச்சை மாத்தணுமே! பொட்டி எப்படிக் கெட்டுச்சுன்னு விளக்க ஆரம்பிச்சேன். நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில பர்ச்சேஸ் வேலை பாக்கறேன். மோட்டாரைப் பத்திக் கொஞ்சம் தெரியும். அது போதாதா, மத்த எல்லாத்தைப் பத்தியும் பேசறதுக்கு?

"நீதான் காரணம். வாராவாரம் ஈரத்துணி போட்டுத் துடைக்கறே. தண்ணி உள்ள எறங்கி போர்டு போயிருச்சு. எலக்ட்ரானிக் சாமானைத் தொடறதுக்குன்னு ஒரு முறை இருக்குது."

அரை மணி நேரம் பேசினேன். நடுவுல ஒரு படம்கூட வரைஞ்சு காட்டினேன்.

"சரிங்க, நானேதானுங்க. இனி அந்தப் பொட்டிப் பக்கமே போகமாட்டேன்"னா. குரல்ல மரியாதை இருந்துச்சு. கண்ணுல இல்லை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு, பொட்டியைத் துண்டுல சுத்தி, ஸ்கூட்டர்ல முன்னாடி வெச்சுக்கிட்டுக் கிளம்பினேன். நேரா காந்திபுரத்துல ஒரு பெரிய டிவி ஷோரூம். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணணும்னா விவரம் தெரிஞ்சவங்களைக் கேக்கணும்ல?

டை கட்டின தம்பி துண்டை விலக்கிப் பாத்தார். எதையோ எடுத்துட்டு வந்துட்டேன்னு ஒரு பார்வை.

"இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேரே வர்றதில்லீங்க சார். மாத்திருங்க."

சொல்லிட்டு, கட்டில் அகலத்துக்கு இருந்த ஒரு டிவி முன்னாடி என்னை நிறுத்தினார். "இதுக்கு ரிமோட்டே வேண்டாமுங்க. வாயில சொன்னாப் போதும், அதுவா செய்யும்."

என் வீட்டுல நான் வாயில சொல்லி இதுவரைக்கும் எதுவும் நடந்ததில்லை. ஆசையா இருந்துச்சு. எந்தச் செவுத்துல மாட்டலாம்னு யோசிக்கற அளவுக்குப் போயிட்டேன். அப்ப சுமதி போன்.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"ரிப்பேர் கடையில."

"ரிப்பேர் கடையில எதுக்குங்க பொம்பளப் புள்ள மைக்ல இங்கிலீஷ்ல ஆஃபர் சொல்லுது? உக்கடத்துல சலீம் பாய் கடை இருக்குதுல்லங்க. அங்க போங்க."

போனேன்.

சலீம் பாய் கடை சந்துக்குள்ள இருந்தாலும் எப்பவும் கூட்டம். எனக்கு முன்னாடி நாலு பேர் மடியில எதையாவது வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நானும் உக்காந்தேன். மறுபடி போன். இந்தத் தடவை மாமனார்.

"மாப்பிள்ளை, ஒரு வார்த்தைங்க. கழட்டுன சாமானத்தை ஒண்ணு விடாம கேட்டு வாங்கிப்போடுங்க. போன வருசம் போர் மோட்டாருக்கு பேரிங் மாத்திட்டேன்னு ஒருத்தன் சொன்னான். அப்புறம் பாத்தா மாத்தவே இல்லீங்க!"

எங்க ஊர்ல இது சட்டம் மாதிரி. மோட்டாரோ, மிக்ஸியோ, காரோ, ரிப்பேருக்குக் குடுத்தா கழட்டின பழசு கைக்கு வந்தாகணும். என் முறை வந்ததும் நல்லா நிமிர்ந்து உக்காந்து சொன்னேன்.

"பாய், உள்ள இருந்து எது வெளிய வந்தாலும், ஒண்ணு விடாம கவர்ல போட்டுக் குடுத்துரணும். எங்க மாமா ரொம்பக் கறார்."

"ஆகட்டுங்க சார்"னார் பாய்.

நாலு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கினார்.

உள்ள பாத்தார். என்னைப் பாத்தார். மறுபடி உள்ள பாத்தார்.

"ஊட்டுல சாமி கும்பிடறது யாருங்க சார்?"

"நான்தான்"ன்னேன், பெருமையா.

"எட்டிப் பாருங்க."

எட்டிப் பாத்தேன். உள்ள ஒரு சின்னக் கோயில் இருந்துச்சு.

அடியில குங்குமம், அதுக்கு மேல திருநீறு, அதுக்கு மேல காஞ்ச சந்தனம். வருஷாவருஷம் படிஞ்ச படிவம். செவ்வந்திக் காம்பு ஏழெட்டு. பொரி. பொட்டுக்கடலை. கடைசிவரை எரியாத ஊதுபத்திக் குச்சி மூணு. இத்தனையும் சேந்து சூட்டைத் தணிக்கற குட்டி ஃபேனை இறுகக் கட்டிப்புடிச்சிருந்துச்சு. எறும்புங்க வேற குடும்பத்தோட இருந்துச்சு.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துருச்சு.

ஆயுத பூஜை! கோயமுத்தூர்ல பொறந்துட்டு ஆயுத பூஜைக்கு ஒரு மெஷினை விட்டு வைக்க முடியுங்களா? மிக்ஸி, வாஷிங் மெஷின், ஸ்கூட்டர், ரெக்கார்டர், எல்லாத்துக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். ரெக்கார்டர் மூடி மேல நீள நீளமா ஓட்டை இருக்குமே, அது பூச் செருகறதுக்கு நல்ல வசதி. ஒரு வருஷம் செவ்வந்தி நிக்கலைன்னு கொஞ்சம் அழுத்திச் செருகினேன். ஓட்டைக்கு நடுவுல இருந்த ரெண்டு கம்பி உடைஞ்சுது. அடுத்த வருஷத்துல இருந்து அந்த ஓட்டையில ஊதுபத்தி நிறுத்தினேன். பொரித் தட்டையும் மேலயே வெச்சேன். 'நம்ம சௌகரியத்துக்காகவே செஞ்சிருக்கான்'னு அந்தக் கம்பெனிக்காரனை மெச்சிக்கிட்டதும் ஞாபகம் இருக்குது.

"ஈரத்துணியால கெடலைங்களா பாய்?"

"தொடைச்சதாலதானுங்க இத்தனை வருசம் ஓடியிருக்குது."

நான் துண்டை மடிக்க ஆரம்பிச்சேன்.

பாய் பிரஷ் வெச்சு எல்லாத்தையும் எடுத்தார். ஃபேனைச் சுத்த விட்டார். ஒயரை மாட்டி ஒரு டிவியில போட்டார். மாமனார் வந்தார். வாயைத் திறந்தார். நிக்கலை! பேசினார்!

ஆறு வருஷமா அந்த நாலு நிமிஷத்தை ஓட விட்டு நான் போன்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். அன்னிக்குத்தான் அவரைப் பாத்தேன். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையலை. மைக்கைப் பாத்ததும் மரத்தை இறுகப் புடிச்சுக்கறார். அத்தனை வருஷம் வெயில்ல நின்ன மனுஷன்கிட்ட ஒரே ஒரு தடவைதான் ஒருத்தர் வந்து, நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டிருக்காங்க. அதைப் போய் ஒழியட்டும்னு நினைச்சேனே! வெக்கமாயிருச்சு.

"பெரியவரு நல்லாப் பேசறாருங்க"ன்னார் பாய். "பழைய பொட்டி, நம்ப முடியாது. இதை கம்ப்யூட்டர்ல புடிச்சு ஒரு பென் டிரைவ்லயும் போட்டுத் தாறேனுங்க. ரெண்டு நாள் ஓட விட்டுப் பாத்துட்டு, ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து மாட்டறேன்."

கும்பிட்டேன். கிளம்பறப்ப குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"பாய், அந்தப் பொரி விஷயம்... நமக்குள்ளயே இருக்கட்டும்."

"என்ற வாயில இருந்து ஒரு வார்த்தை வராதுங்க சார்."

வீட்டுக்கு வந்து சுமதிகிட்ட, "உள்ள ஒரு பார்ட் போயிருந்துச்சு"ன்னேன். "ஈரத்துணிதானுங்களா?"ன்னா. "அப்படியும் இருக்கலாம்"னேன். பொய் சொல்லலை பாருங்க.

ஞாயித்துக்கிழமை மாமனார், சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லாரும் வந்து சோபாவுல உக்காந்த நேரத்துக்கே பாயும் வந்தார். மாட்டினார். போட்டார்.

நாலு நிமிஷமும் நிக்காம ஓடுச்சு. மாமனார் டிவியைப் பாக்கலை, சம்பந்தி மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தார்.

"அருமையாப் பேசியிருக்கறீங்க"ன்னார் சம்பந்தி. "எங்க தோப்புலயும் வெள்ளை ஈ தொல்லைதானுங்க. வேப்பெண்ணெய் எவ்வளவுன்னு சொன்னீங்க?"

மாமனார் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும்தான். கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சுமதி எல்லாருக்கும் காபி கொண்டு வந்தா. பாயையும் விடலை, உக்காத்தி வெச்சு கையில ஒரு டம்ளரைக் குடுத்துட்டா. மாமனார் ஒரு வாய் குடிச்சுட்டு, "மாப்பிள்ளை, கழட்டுன சாமானம் வாங்குனீங்களா?"ன்னார்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

பாய் ஒண்ணுமே பேசலை. குடுத்த வாக்குக் குடுத்ததுதான். சட்டைப் பையில இருந்து ஒரு கவரை எடுத்து மேஜை மேல வெச்சார். அவ்வளவுதான்.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, பேப்பரை விரிச்சு, கவரைக் கவுத்தார்.

பொரி விழுந்துச்சு. பொட்டுக்கடலை உருண்டுச்சு. காம்பு, குச்சி, கட்டிகட்டியாக் குங்குமம். ஒண்ணு விடலை பாய்.



சம்பந்தியம்மா மெதுவா, "பொரிங்களா?"ன்னாங்க.

மாமனார் ஒரு ஊதுபத்திக் குச்சியை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தார். "பாய், இது என்ன பார்ட்டுங்க?"

பாய் அண்ணாந்து ஃபேனையே பாத்துட்டு இருந்தார்.

சுமதி பொரியைப் பாத்தா. பொட்டி மூடியில உடைஞ்ச ஓட்டையைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. நான் வரைஞ்சு காட்டின படம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கணும்.

மாமனாருக்கும் மெதுவாப் புரிஞ்சுருச்சு. பெரிய மனுஷன், என்னை ஒண்ணும் கேக்கலை. பேச்சை மாத்தறதா நினைச்சு மகளைக் கேட்டார்.

"ஏம்மணி, ரிப்பேர் பண்றதா புதுசு மாத்தறதான்னு யோசிச்சுட்டு இருந்தீங்களே, முடிவு பண்ணியாச்சா?"

"பொட்டி சரியாப் போச்சுங்கப்பா"ன்னா சுமதி. "இப்ப இவரைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன்."

அப்பத்தான் சலீம் பாய் காபி டம்ளரைக் கீழ வெச்சார். என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டு, அன்னிக்கு முதல் தடவையா வாயைத் திறந்தார்.

"இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்லீங்கம்மா."