சீசரின் ஆட்டோ

இந்த நாட்டின் எல்லாச் சட்டங்களையும் முழுமனதோடு மதிக்கும் ஒரே குடிமகன் கடியப்பட்டணத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். ஞானஸ்நானப் பெயர் என்னவோ இருக்கிறது. ரோம ராஜா சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுக்கச் சொன்ன பைபிள் வசனத்தை மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வதால் ஊருக்கே அவர் சீசர்.

எங்களுக்கு அரசாங்கம் என்பது திட்டுவதற்கென்று இருக்கும் ஒன்று. அவருக்கோ ஆண்டவர் ஏற்படுத்திய அதிகாரம். பைபிளில் பவுல் எழுதிவிட்டார், அப்பீல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தின் முன்னால்கூட ஹாரன் அடிக்கமாட்டார். நடுரோட்டில் ஆடு படுத்திருந்தால் இறங்கிப்போய் அதன் காதில், "மாறு மக்கா" என்பார்.

ஆள்வோருக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் வேதத்தில் இருக்கிறதே! மாலை ஜெபத்தில் பிரதமரில் தொடங்கி கிராம நிர்வாக அலுவலர் வரை பதவிவாரியாக வருவார். "இன்னைக்கு தாசில்தாரோட நிப்பாட்டும், கஞ்சி ஆறுது" என்று அவர் வீட்டு அக்கா கெஞ்சுவாள்.

ஒரு தேர்தலில் வேட்பாளர் ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். சீசர் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, மரங்கள் ராஜாவைத் தேடிய வேதக் கதையை ஆரம்பித்தார். ஒலிவ மரம் மாட்டேன் என்றது, அத்தி மாட்டேன் என்றது, திராட்சையும் மறுத்துவிட்டது.

"பெறவு யாருதான் நிண்ணா?" என்றார் வேட்பாளர் ஆர்வமாக.

"முள்ளுச்செடி" என்றார் சீசர் பயபக்தியோடு. "ஜெயிச்சா உமக்காவயும் ஜெபிப்பேன்."

இந்த மனிதரை நம்பித்தான் ஒருநாள் என் மனைவியின் உயிர் இருந்தது. கடல் சீறி ரோட்டில் ஏறிய காலை அது. அவளுக்குப் பிரசவ வலி. உள்வழியில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வரவில்லை. சீசரின் ஆட்டோவில் கடலோரச் சாலைக்கு வந்தால், குறுக்கே போலீஸ் தடுப்பு. வண்டிகள் போகக்கூடாது என்று உத்தரவு. சீசர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"அண்ணே, தடுப்ப மாத்தும்!"

"அதிகாரிக்க உத்தரவு மக்கா."

"இவ செத்துருவா அண்ணே!" என்று அலறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடித்தே விடலாமா என்று இருந்தது எனக்கு.

திடீரென்று கேட்டார்: "ஆம்பளப் பிள்ளையளக் கொல்லணும்ணு பார்வோன் ராஜா சொன்னப்ப மருத்துவச்சியளு கேட்டாளுவளா?"

"கேக்கல, கேக்கல!" என்றேன், கதையே தெரியாமல்.

"கேக்கல. ஆண்டவரு அவளுவள ஆசீர்வதிச்சாரு."

இறங்கித் தடுப்பை நகர்த்தினார். வண்டியை அந்தப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்பிவந்து தடுப்பை இருந்த இடத்திலேயே வைத்தார். அப்புறம் ஓட்டினார் பாருங்கள், பள்ளிக்கூட வாசலில்கூட ஹாரன்!

மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். நன்றி சொல்ல ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால் சீசர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போறேன். எனக்க மேல கேஸ் போடணும். நீ சாட்சி, வா."

எஸ்.ஐ. தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். சீசர் லைசென்ஸை மேசையில் வைத்துவிட்டு நகரவே இல்லை. கடைசியில் எரிச்சலோடு பேனாவை எடுத்தார் எஸ்.ஐ. லைசென்ஸ் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"தடுப்பை மாத்தினது நீங்கதானே?"

"நான்தான் சார்" என்று முந்திக்கொண்டேன். "இவரு வேண்டாம்ணுதான் சொன்னாரு."

எஸ்.ஐ. எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சீசர் மறுப்பதற்குள் லைசென்ஸை என் கையில் திணித்து, வெளியே போகச் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் திட்டு. "அதிகாரிக்க முன்னால பொய்ச்சாட்சி சொல்லுதியே, வெக்கமா இல்லியா? பெத்த பிள்ளைக்கு மொகத்தக் காட்டாண்டாமாலே?"

நான் பின்சீட்டில் சுகமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம் சுற்றுவழியாக ஓட்டக்கூடாதா என்று இருந்தது.