டாக்டர் லூர்துசாமியின் முதல் மரணம்

என் வாழ்க்கையில் நான் கொன்றது ஒரே ஒருவரைத்தான். அவரும் அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாகவே இருந்தார். இருந்தாலும் கொலை கொலைதானே.

2006 வாக்கில் புதுச்சேரிக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் நூலகத்தில் உதவி நூலகராக இருந்தேன். தற்காலிகப் பணி. நிரந்தரம் செய்யச் சொல்லும் கோப்பு கல்லூரி முதல்வர் மேஜையில் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் நடந்த ஒரு பயிலரங்குக்கு என்னை அனுப்பினார்கள். மருத்துவ நூலகர்கள் இனிமேல் வலைப்பதிவு எழுத வேண்டும், புதிய ஆய்விதழ்களை இணையத்தில் அறிவிக்க வேண்டும், டாக்டர்கள் நம்மைத் தேடி வரக்கூடாது, நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று அங்கே ஒருவர் மேடையில் முழங்கினார். நான் சாமி வந்தவள் மாதிரி ஊர் திரும்பினேன்.

ஒரே வாரத்தில் எங்கள் நூலகத்துக்கு ஒரு வலைப்பதிவு பிறந்தது. மேலே நட்சத்திரங்கள் கொட்டும். மவுசை நகர்த்தினால் பின்னாலேயே ஒரு ஸ்டெதஸ்கோப் ஓடிவரும். (அழகாக இருப்பதாக நான் உண்மையிலேயே நம்பினேன்.) ஓரத்தில் வருகையாளர்களை எண்ணும் கருவி. அதில் ஏறிய எண்ணிக்கையில் பெரும்பகுதி நானே. எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதற்காக நான் போய்ப் போய் வந்ததில் சேர்ந்த கூட்டம் அது.

யாரும் வராததால், பதிவுகள் தானாகவே மின்னஞ்சலில் போகும் வசதியைச் சேர்த்தேன். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அன்றைய பதிவு எல்லோருக்கும் போய்விடும். எல்லோருக்கும் என்றால், கல்லூரியின் டாக்டர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிரான்சிலும் மலேசியாவிலும் இருந்த பழைய மாணவர்கள் வரை. அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அறிவைக் கொடுக்க அனுமதி எதற்கு என்பது என் எண்ணம்.

தலைமை நூலகர் தணிகாசலம் சாருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா வேணாம்னா கிழிச்சிடலாம் மங்கை. இதைக் கிழிக்க முடியுமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அடுத்து, முன்னாள் பேராசிரியர்களைப் பற்றித் தமிழில் எழுதலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதல் ஆள் டாக்டர் லூர்துசாமி. அறுவை சிகிச்சைத் துறையின் பழைய தலைவர். தன் புத்தகங்களையெல்லாம் எங்கள் நூலகத்துக்கே கொடுத்தவர். மனைவியுடன் நெல்லித்தோப்பில் இருந்தார். அந்த அம்மாவை டாக்டர் முதல் வேலைக்காரப் பெண் வரை எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வார்கள். கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். ஒரு நல்ல புகைப்படம் மட்டும் கேட்க வேண்டியிருந்தது. காலையில் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். வேலைக்காரப் பெண் அஞ்சலை எடுத்தாள்.

"டாக்டர் ஐயா இருக்காங்களா?"

"இல்லீங்களே. ஐயா போய்ட்டாரு."

"போய்ட்டாரா! எப்போ?"

"விடியக்காலைலங்க. நல்லாத்தான் இருந்தாரு. காபிகூட குடிச்சாரு. வண்டி வந்து ஏத்திக்கினு போச்சி."

"மதாம் எப்படி இருக்காங்க?"

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. கோயிலுக்குப் போய்க்கிறாங்க, பூசை வைக்கணும்னு."

"ஐயாவை எப்ப வீட்டுக்குக் கொண்டு வருவாங்க?"

"ஆஸ்பத்திரிலயே வச்சிருந்து நாளன்னிக்கி அனுப்புவாங்களாம்."

நான் அழ ஆரம்பித்தேன். அஞ்சலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அழுவாதீங்கம்மா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்று தேற்றினாள்.

அவள் சொன்னது கண்புரையை. டாக்டர் கண் ஆபரேஷனுக்காக மெட்ராஸ் போயிருந்தார். இது எனக்கு அன்று பிற்பகல்தான் தெரிந்தது. போனை வைத்த கையோடு நான் கணினி முன் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுரை ஏற்கெனவே தயார். வினைச்சொற்களை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும். 'இருக்கிறார்' என்பதை 'இருந்தார்' ஆக்கினேன். 'கற்பிக்கிறார்' 'கற்பித்தார்' ஆனது. தலைப்பில் 'கண்ணீர் அஞ்சலி' சேர்த்தேன். ஒரு பெரிய சர்ஜனை நான் ஒரே மூச்சில் ஆபரேஷன் செய்து முடித்தேன். அதிலும் ஒரு வினைச்சொல் கத்திக்குத் தப்பிவிட்டது. 'இன்றும் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் வேகமாக நடக்கிறார்' என்ற வரி அஞ்சலியின் கடைசியில் அப்படியே நின்றது.

பிறகு தணிகாசலம் சாரிடம் சொன்னேன். அவர் முதல்வரிடம் சொன்னார். உறுதிப்படுத்திக்கொள்ள டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டார். எங்கேஜ்டு. மறுபடி போட்டார். எங்கேஜ்டு. "துக்க வீடு. போன் ஓயாது" என்றார். (நான் அழுத அழுகையில் பயந்துபோன அஞ்சலை ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை.) உடம்பு வரும் நாளில் கூட்டமாக இருக்கும், இன்றைக்கே போய் மதாமைப் பார்த்து வாருங்கள் என்று முதல்வர் உத்தரவிட்டார். கல்லூரி வேனில் ஒரு பெரிய மலர்வளையத்துடன் நானும் தணிகாசலம் சாரும் கிளம்பினோம். நாங்கள் வழியில் இருந்தபோதே மணி பன்னிரண்டைக் கடந்துவிட்டது. மின்னஞ்சல் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

வீடு பூட்டியிருந்தது. அஞ்சலை வேலை முடித்து வைத்திக்குப்பத்திலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வாசலில் ஒருவரும் இல்லை. எனக்கு லேசாக உறுத்தியது. "உடம்பு வரலியே, அதான்" என்றார் சார். மலர்வளையத்தைக் கதவில் சாய்த்துவிட்டு வெயிலில் நின்றோம்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மதாம் இறங்கினார். ஒல்லியான அம்மா. கையில் ஜெபமாலை. எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். அப்புறம் மலர்வளையத்தைப் பார்த்தார். குனிந்து, அதன் ரிப்பனில் எழுதியிருந்த பெயரை வாசித்தார்.

"காலைலதானே போனாரு" என்றார் மெதுவாக. "நான்தானே ஸ்வெட்டர் எடுத்து வச்சேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

தணிகாசலம் சார் கைகட்டி நின்று, "நாங்கல்லாம் இருக்கோம் மதாம்" என்றார்.

"எப்படி ஆச்சு? கண்ணுலதானே ஆபரேஷன்? கண்ணு ஆபரேஷன்ல யாராவது…" மதாமால் முடிக்க முடியவில்லை. "எனக்குச் சொல்லாம உங்களுக்கு எப்படிச் சொன்னாங்க? யாரு சொன்னா?"

சார் என்னைப் பார்த்தார். எந்தக் கண், எந்த ஆபரேஷன்?

"வீட்லேர்ந்துதான் மதாம் சொன்னாங்க. அஞ்சலை…"

"அஞ்சலையா? அவளுக்கு என்ன தெரியும்?"

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விடியற்காலை, வண்டி, ஆஸ்பத்திரி, வயசானால் எல்லோருக்கும் வருவது. "மதாம், நான்தான் தப்பா…" என்று தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியே மலர்வளையத்தோடு வந்து நிற்கும்போது என் பேச்சை யார் நம்புவார்கள்? கதவைத் திறந்து உள்ளே ஓடினார். ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. எண்களைத் தப்புத் தப்பாக அழுத்தினார். சார்தான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போட்டுக் கொடுத்தார். விசாரித்துச் சொல்கிறோம், லைனில் இருங்கள் என்றார்கள். ரிசீவரில் பாட்டு ஓடியது. கூடத்தின் அமைதியில் எனக்கே கேட்டது. எந்தத் துக்கமும் அறியாத குஷியான இசை. மதாம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. அவ்வளவு நீளமான பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பிறகு யாரோ பேசினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

மதாம் ரிசீவரை வைத்தார். அதன் பிறகுதான் அழுதார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பூவை எடுத்துட்டுப் போயிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மலர்வளையத்தைப் பின்சீட்டில் போட டிரைவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளில்லாத சீட்டில் அது போகக்கூடாதாம். கல்லூரி வரைக்கும் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் நின்றவர்களெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஓடிப்போய்ப் பதிவை அழித்தேன். போன மின்னஞ்சலை அழிக்க முடியவில்லை. இரங்கல்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. பதறிப்போய் ஒரு திருத்தம் அனுப்பினேன். தலைப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும், விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். அனுப்பிய பிறகுதான் வாசித்துப் பார்த்தேன்: 'வருந்துகிறோம்: டாக்டர் லூர்துசாமி உயிருடன் உள்ளார்.'

சில வாரம் கழித்து டாக்டரே நூலகத்துக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன்.

"நீதான் என்னை அனுப்பி வச்ச பொண்ணா? உக்காரு" என்றார். "என்னைப் பத்தி எழுதுனதை எல்லாம் படி. எனக்கு இன்னும் எழுத்து சரியா தெரியல."

நான் எழுதிய அஞ்சலியை முதலில் படித்தேன். "செத்தவன் எப்படிம்மா நடக்கறான்?" என்று கடைசி வரியில் நிறுத்தினார். பிறகு இரங்கல்களைப் படிக்கச் சொன்னார். இத்தனை கண்டிப்பான ஆசிரியரைப் பார்த்ததில்லை என்று ஒருவர். என் கையைப் பிடித்துத் தையல் போடச் சொல்லிக் கொடுத்தார் என்று இன்னொருவர். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"கேசவன் எழுதலியா? டாக்டர் கேசவன்."

தேடுவது போலத் திரையில் மேலும் கீழும் போனேன். அப்படி ஒரு பெயர் இல்லை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். "இல்ல சார்."

"அவனுக்கு மெயில் போச்சா?"

"போச்சு சார்."

"ஏன் உடனே எடுத்துட்ட? ரெண்டு நாள் விட்டிருக்கலாம்ல. எல்லாரும் உடனே பாப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை கூடப் போனேன்.

கேசவன் யார் என்று தணிகாசலம் சாரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாத்தவங்க. பதவி உயர்வுல ஏதோ தகராறு. அப்புறம் பேச்சே இல்ல" என்றார்.

என் கோப்பு முதல்வர் மேஜையை விட்டு நகரவில்லை. என்னை பைண்டிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். வலைப்பதிவைத் தொடக்கூடாது என்று உத்தரவு. அடுத்த வருஷம் நானே வேறு கல்லூரிக்குப் போய்விட்டேன்.

டாக்டர் உண்மையாகவே இறந்தபோது தணிகாசலம் சார்தான் போன் செய்தார். "மங்கை, இந்தத் தடவை நானே நேர்ல போய்ப் பாத்துட்டேன்" என்றார். அடக்கத்துக்குப் போனேன். கூட்டம் குறைவு. வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர், இது அந்தப் பழைய மின்னஞ்சலா என்று கேட்டு எழுதியிருந்தாராம். பலர் என்னால் ஏற்கெனவே ஒரு முறை அழுது முடித்துவிட்டார்கள். மதாம் என்னைப் பார்த்ததும் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். நான் பூ எதுவும் கொண்டு போயிருக்கவில்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். என் கணவர் காய் வாங்கக் கிளம்பினாலும், "மார்க்கெட்டுக்குத்தான் போறேன், எழுதிடாத" என்பார். நானும் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். யார் எது சொன்னாலும் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பது வழக்கமாகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா."

"எங்கடா?" என்று கேட்டேன்.

அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று பிறகு சொன்னான். இப்போது ஒவ்வொரு வருஷமும் அப்பாவுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்கள், "போன் பண்ணா, எங்கடான்னு கேட்டா பாரு" என்று. அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.