ஆலோசகருக்கு மார்க் போட்ட முயல்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்த காலமெல்லாம் மலையேறிப் போய், ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டது. நின்றவர்கள் இரண்டு பேர். கரடியார், பன்றியார்.

அந்தக் காட்டின் எல்லையில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓநாய் நாடு. இந்தப் பக்கம், தண்ணீரை ஒட்டி வளை தோண்டி, ஏழு குட்டிகளோடு குடியிருந்தாள் முயலம்மா. வெளியுறவுக் கொள்கை என்பது மற்றவர்களுக்குப் பேப்பர் செய்தி. அவளுக்கு அது வாசல்.

"எல்லையைக் காப்போம்!" என்று இருவரும் ஒரே மாதிரி முழங்கினார்கள். முயலம்மா படித்தவள், ஏமாறவில்லை. "இவங்களுக்கு யார் எழுதிக் கொடுக்கிறாங்களோ அவங்களைத்தான் பார்க்கணும்" என்று டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, இருவரின் வெளியுறவு ஆலோசகர்களையும் பார்த்தாள்.

பன்றியாரின் ஆலோசகர் நரி.

"ஓநாய்ங்க ஓடையைத் தாண்டி வருவாங்களா?"

"வரவே மாட்டாங்கம்மா. காலையிலகூட போன்ல பேசினேன். நம்ம பசங்கதான்."

பத்துக்குப் பூஜ்யம் போட்டாள்.

கரடியாரின் ஆலோசகர் நாரை, வருஷத்தில் பாதி வெளிநாட்டில் இருப்பவர். அவரிடமும் அதே கேள்வி.

"மழை விட்டதும் வருவாங்கம்மா. அங்கே இரை இல்லை. ஓடையோரம் இருக்கிறவங்க இப்பவே மேட்டுக்குப் போயிடணும்."

"என்ன தெளிவு!" முயலம்மாவுக்குப் புல்லரித்தது. பத்துக்குப் பத்து. மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் காடு முழுக்க அனுப்பினாள், வளை வளையாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். கரடியார் ஜெயித்தார்.

பதவியேற்ற மறுநாளே நாரையை ஏதோ ஒரு தீவுக்குத் தூதராக அனுப்பிவிட்டு, நரியை வெளியுறவு மந்திரியாக்கினார்.

முயலம்மா பதறிக்கொண்டு ஓடினாள். "ஐயா, அவரு தோத்த கட்சி ஆளாச்சே!"

"தோத்தது பன்றிதாம்மா. நரி எங்கே தோத்தாரு?" என்றார் கரடியார்.

மழை விட்டது. நரி ஓர் ஒப்பந்தம் போட்டு, ஓடைக்கரையை நட்புப் பூங்கா என்று ஓநாய்களுக்கு எழுதிக் கொடுத்தது. திறப்பு விழாவுக்கு ஓநாய்கள் வெறும் வயிற்றோடு வந்தன. முயலம்மா குட்டிகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். ஏழில் ஐந்துதான் வந்து சேர்ந்தன.

மேட்டில் இருந்த நல்ல குகையில் கரடியார் குடும்பத்தோடு குடியிருந்தார்.

"நாரை சொன்ன அன்னிக்கே வந்துட்டோம்மா. நல்ல ஆலோசகராச்சே! நீதானே பத்துக்குப் பத்து போட்டே?"

நீதி: ஆலோசகரை வைத்து வேட்பாளரை எடைபோடுவது நல்ல பழக்கம். அதை மேட்டில் உட்கார்ந்துகொண்டு செய்யவும்.